ஆம்பூர் ஷூ முதல் போர் மோட்டார் வரை... எல்லாத்துலயும் இருக்கிற இந்த ‘ஓம்’ யாரு?

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தயாராகிற ஷூ எல்லாமே ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்காருவதில்லை. பெயின்ட் ஆலை, கெமிக்கல் ஆலை, எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலை செய்பவர்கள் போடும் பாதுகாப்பு ஷூக்களும் இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் தைக்கப்படுகின்றன. வெளிநாட்டுக்குப் போகும் அந்த ஷூவுக்குச் சில சோதனைகள் உண்டு. அதில் ஒன்று கொஞ்சம் வித்தியாசமானது. ஷூவுக்கே கரன்ட் கொடுத்துப் பார்ப்பார்கள்!

ஷூவுக்குள் சின்னச் சின்ன எஃகு குண்டுகளை நிரப்பி, அதை ஒரு செம்புத் தகடு மேல் வைப்பார்கள். குண்டுகளுக்கும் தகடுக்கும் இடையில் 100 வோல்ட் கொடுப்பார்கள். எவ்வளவு மின்சாரம் ஷூ வழியாகக் கசிந்து வருகிறது என்று மீட்டரில் பார்ப்பார்கள். கொடுத்த வோல்ட்டை, வந்த ஆம்பியரால் வகுத்தால் ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதும் அலகுதான் ‘ஓம்’.

நிலை மின்சாரத்தைத் தடுக்கும் ஷூ என்று சான்று வாங்க, அந்த எண் 1 லட்சம் ஓமுக்கும் 100 கோடி ஓமுக்கும் நடுவில் இருக்க வேண்டும். 100 கோடியைத் தாண்டினால், நடக்கும்போது உடம்பில் சேரும் நிலை மின்சாரம் தரைக்கு இறங்காது. பெயின்ட் ஆவி இருக்கும் இடத்தில் ஒரு சின்னப் பொறி போதும், தீப்பிடிக்க. 1 லட்சத்துக்குக் கீழே போனாலும் சிக்கல்தான். தவறிப்போய் 230 வோல்ட் கம்பியைத் தொட்டால், ஷாக் பலமாக அடிக்கும். இரண்டு பக்கமும் உயிர்ப் பிரச்னை.

10-ம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மின்னோட்டவியல் பாடத்தைப் படித்தவர்களுக்கு ‘ஓம் விதி’ ஞாபகம் இருக்கும். மந்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஓம் என்பது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். முழுப்பெயர் ஜார்ஜ் சைமன் ஓம். ஜெர்மனிக்காரர். வாழ்க்கையின் பெரும்பகுதியைப் பள்ளிக்கூட வாத்தியாராகவே கழித்தவர்.

பூட்டுப் பட்டறையில் கணக்குப் பாடம்

1789 மார்ச் 16. இன்றைய ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இருக்கும் எர்லாங்கன் என்ற ஊரில் ஜார்ஜ் பிறந்தார். அப்பா யோஹான் வோல்ஃப்காங் ஓம், பூட்டு செய்யும் தொழிலாளி. அம்மா மரியா எலிசபெத், ஒரு தையல்காரரின் மகள். பிறந்த 7 பிள்ளைகளில் தங்கியது 3 பேர்தான். ஜார்ஜுக்கு 10 வயது இருக்கும்போது அம்மாவும் போய்விட்டார்.

அப்பா பெரிய படிப்பு படித்தவர் இல்லை. ஆனால் தானாகவே புத்தகங்களை வாங்கி வைத்துக் கணிதமும் தத்துவமும் கற்றுக்கொண்டவர். கற்றதை ஜார்ஜுக்கும் தம்பி மார்ட்டினுக்கும் தானே சொல்லிக் கொடுத்தார். பையன்கள் பகலில் பள்ளிக்கூடம் போனார்கள். உண்மையான பாடம் வீட்டில் நடந்தது. பள்ளியில் கிடைத்ததைவிட அப்பாவிடம் கிடைத்தது அதிகம் என்பதுதான் ஓமின் வாழ்க்கையை எழுதியவர்கள் பெரும்பாலும் சொல்வது. பிற்காலத்தில் மார்ட்டினும் பெரிய கணிதப் பேராசிரியர் ஆனார்.

பட்டறையில் இருந்து ஜார்ஜுக்குக் கிடைத்தது கணக்கு மட்டும் இல்லை. உலோகத்தை வெட்ட, தேய்க்க, கம்பியை வளைக்க, நுணுக்கமான கருவிகளைக் கையாலேயே செய்யப் பழகியிருந்தார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னால் அவரைக் காப்பாற்றியது இந்தக் கைவேலைதான்.

பில்லியர்ட்ஸ் ஆடிய மாணவர்

1805-ல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்ததும் என்ன செய்தார்? நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ். அப்பாவுக்கு வந்ததே கோபம். தனக்குக் கிடைக்காத வாய்ப்பை மகன் வீணடிக்கிறான் என்று படிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். 1806-ல், 17 வயதில், சுவிட்சர்லாந்தில் ஒரு பள்ளிக்குக் கணித ஆசிரியராக அனுப்பப்பட்டார் ஜார்ஜ்.

அங்கே புத்தி வந்தது. தனியாகவே உட்கார்ந்து கணிதத்தைக் கரைத்துக் குடித்தார். 1811-ல் ஊருக்குத் திரும்பி, அதே ஆண்டு டாக்டர் பட்டமும் வாங்கினார். பல்கலைக்கழகத்தில் சில பருவங்கள் பாடம் எடுத்தார். ஆனால் அந்தச் சம்பளத்தில் சாப்பிட முடியவில்லை. 1813-ல் பாம்பெர்க் நகரில் ஒரு சுமாரான பள்ளிக்கு வேலைக்குப் போனார். 1816-ல் அந்தப் பள்ளியையும் மூடிவிட்டார்கள்.

வடிவியல் பற்றி ஒரு புத்தகம் எழுதி, பிரஷ்யாவின் மன்னருக்கே ஒரு பிரதியை அனுப்பி வைத்தார். வேலை நடந்தது! 1817-ல் கொலோன் நகரத்துப் பள்ளியில் கணிதம், இயற்பியல் ஆசிரியர் பணி கிடைத்தது. முக்கியமான விஷயம், அந்தப் பள்ளியில் ஓரளவு நல்ல ஆய்வகம் இருந்தது. வகுப்பு முடிந்ததும் ஓம் அங்கேயே கிடந்தார்.

முதலில் வந்த விடை தப்பு

1820-ல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். கம்பியில் மின்சாரம் ஓடினால், பக்கத்தில் இருக்கும் காந்த ஊசி அசைகிறது. ஐரோப்பாவே இதைப் பிடித்துக்கொண்டது. ஏன்னா, மின்சாரத்தை அளக்க முதல்முறையாக நல்ல வழி கிடைத்துவிட்டது. ஊசி எவ்வளவு திரும்புகிறதோ, அவ்வளவு மின்னோட்டம்.

ஓம் கேட்ட கேள்வி எளிமையானது. கம்பியின் நீளம் கூடினால் மின்னோட்டம் எவ்வளவு குறையும்? குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தக் கணக்கில் குறையும் என்பதில்தான் தெளிவு இல்லை.

வோல்ட்டாவின் அடுக்கு பேட்டரியை வைத்துச் சோதனை செய்தார். 1825-ல் முடிவையும் வெளியிட்டார். மடக்கை, அதாவது லாகரிதம் சேர்ந்த ஒரு சூத்திரம். அது தப்பு!

கணக்குத் தெரியாமல் வந்த தப்பு இல்லை. அந்தக் காலத்து பேட்டரி ஒரே சீராக மின்சாரம் தராது. இணைத்ததும் பலமாக இருக்கும், நிமிஷத்துக்கு நிமிஷம் இறங்கிக்கொண்டே போகும். நம்ம ஊரில் ராத்திரி 7 மணிக்கு லோ வோல்டேஜ் வரும்போது மிக்ஸியின் வேகத்தை அளப்பது மாதிரி. மிக்ஸி மோசமா, கரன்ட் மோசமா என்று எப்படிச் சொல்வது?

அறிவியல் இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்த போகெண்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார். பேட்டரியை விட்டுவிட்டு, வெப்பத்தால் மின்சாரம் தரும் அமைப்பைப் பயன்படுத்தலாமே என்றார். இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்து, ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிராகவும் வைத்தால் மின்சாரம் வரும். சீபெக் என்பவர் 1821-ல் கண்டுபிடித்தது. வரும் மின்சாரம் ரொம்பக் கொஞ்சம்தான். ஆனால் வெப்பநிலை மாறாத வரை அதுவும் மாறாது.

கொதிக்கும் நீர், ஐஸ் கட்டி, 8 கம்பிகள்

1826 தொடக்கம். ஓம் தன் கையாலேயே அந்தக் கருவியைச் செய்தார். பிஸ்மத் உலோகத் துண்டு ஒன்று. அதன் இரு முனைகளிலும் செம்பு. ஒரு முனை கொதிக்கும் நீரில், இன்னொரு முனை ஐஸில். தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் ஐஸ் உருகும் வெப்பநிலையும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறாது இல்லையா? அதனால் மின்சாரமும் அசையாமல் நின்றது.

மேலே ஒரு மெல்லிய உலோக நாடாவில் காந்த ஊசியைத் தொங்கவிட்டார். மின்சாரம் ஓடியதும் ஊசி திரும்பும். நாடாவை முறுக்கி ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டு வருவார். எவ்வளவு முறுக்க வேண்டியிருந்தது என்பதே அளவு. பூட்டுப் பட்டறையில் பழகிய கை இல்லை என்றால் இது நடந்திருக்காது.

ஒரே தடிமன் உள்ள 8 செம்புக் கம்பிகள். நீளம் 2 அங்குலத்தில் தொடங்கி 4, 6, 10, 18, 34, 66, கடைசியாக 130 அங்குலம். ஒவ்வொன்றாக மாட்டி, முறுக்கை அளந்து, குறித்துக்கொண்டே போனார். பல நாள், திரும்பத் திரும்ப.

கிடைத்த விடை படு எளிமை. கம்பி நீளும்போது கம்பியின் தடையும் அதே விகிதத்தில் கூடுகிறது. மின்னோட்டம் என்பது, தள்ளும் சக்தியை மொத்தத் தடையால் வகுத்தால் வருவது. அவ்வளவுதான். லாகரிதமும் இல்லை, ஒன்றும் இல்லை. வெப்பநிலை வித்தியாசத்தைக் குறைத்தும், செம்புக்குப் பதிலாகப் பித்தளைக் கம்பியைப் போட்டும் பார்த்தார். கணக்கு உடையவில்லை.

இன்றைய பாடப்புத்தக மொழியில் சொன்னால், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம்.

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் உயரம்தான் வோல்ட். குழாயில் வரும் தண்ணீரின் அளவு ஆம்பியர். குழாய் எவ்வளவு ஒல்லி, எவ்வளவு நீளம் என்பது ஓம். தொட்டியை எவ்வளவு உயரத்தில் வைத்தாலும், குழாய் ஒல்லியாக இருந்தால் பக்கெட் நிறைய நேரம் ஆகும்.

இந்தக் கணக்கு நமக்கு எதுக்கு?

ஒரு அயர்ன் பாக்ஸை எடுத்துக்குவோம். 230 வோல்ட், 1,000 வாட் என்று அடியில் போட்டிருக்கும். திறன் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது. அப்படியானால் அது இழுக்கும் மின்சாரம் 1,000-ஐ 230-ஆல் வகுத்தால், சுமார் 4.35 ஆம்பியர். மின்தடை? 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் சுமார் 53 ஓம். பாக்ஸைப் பிரிக்காமலேயே உள்ளே இருக்கும் சுருளின் தடை தெரிந்துவிட்டது!

இப்போ லோ வோல்டேஜ். 230 இறங்கி 180 ஆகிவிட்டது. சுருள் அதேதான், அதே 53 ஓம். மின்னோட்டம் 3.4 ஆம்பியராகக் குறையும். திறன் சுமார் 612 வாட். வோல்ட் குறைந்தது 22 சதவீதம்தான். சூடு குறைந்தது 39 சதவீதம். சட்டைச் சுருக்கம் போகாததற்கு அயர்ன் பாக்ஸைத் திட்டிப் புண்ணியம் இல்லை.

அடுத்தது வயர். ஓம் அந்த 8 கம்பிகளோடு மல்லுக்கட்டியது இதற்காகவே என்று தோன்றும். மீட்டர் பெட்டியில் இருந்து 50 மீட்டர் தள்ளி வீட்டு போர் மோட்டார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போக 50, வர 50 என மின்சாரம் 100 மீட்டர் கம்பியில் ஓட வேண்டும். 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் அந்த 100 மீட்டருக்குத் தடை சுமார் 1.2 ஓம். மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தால் 12 வோல்ட் வழியிலேயே காலி. 12 வோல்ட்டையும் 10 ஆம்பியரையும் பெருக்கினால் 120 வாட். ஒன்றுக்கும் உதவாமல் வயர் சூடாவதற்கே இது போகிறது.

தினமும் 5 மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாத பில்லில் 36 யூனிட் வயருக்கு மட்டும். 2.5 சதுர மி.மீ. வயர் போட்டிருந்தால் இது ஏறத்தாழ 22 யூனிட்டாகக் குறையும். கடையில் வயர் வாங்கும்போது மிச்சம் பிடித்த காசு, பில்லில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறோம். அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் மாதிரி சூடாக்கும் பொருள்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். மோட்டார், எல்.இ.டி. பல்பு உள்ளே நடப்பது வேறு. அங்கே நேராக வகுத்து விடை எழுதக் கூடாது. வயருக்கு மட்டும் எப்போதும் பொருந்தும்.

ஈரத் தரையும் 1,000 ஓமும்

வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை... தோல் பதனிடும் ஆலைக்குள் போனவர்களுக்குத் தெரியும், தரை காய்ந்து இருக்கவே இருக்காது. உப்பு போட்டு வந்த பச்சைத் தோலை ஊறவைக்கும் தொட்டி, சுண்ணாம்புத் தொட்டி, மோட்டாரில் சுழலும் பெரிய டிரம். எங்கே பார்த்தாலும் தண்ணீர். அதிலும் உப்புத் தண்ணீர்.

இங்கேதான் ஓம் விதி பயமுறுத்துகிறது. உலர்ந்த தோலோடு இருக்கும் மனித உடம்பின் தடை பல ஆயிரம் ஓம் வரை இருக்கும். கை கால் நனைந்தால் அது சுமார் 1,000 ஓமுக்கு இறங்கிவிடும். 230-ஐ 1,000-ஆல் வகுங்கள். 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். வீட்டில், ஆலையில் பொருத்தும் ஆர்.சி.சி.பி. கருவி வெறும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அதற்கு மேல் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து என்பதால்தான் அந்த அளவு.

முதலில் சொன்ன ஷூவுக்கு வருவோம். அதன் தடை குறைந்தபட்சம் 1 லட்சம் ஓம் என்றால், 230 வோல்ட்டில் அதன் வழியாகப் போவது சுமார் 2.3 மில்லி ஆம்பியர். சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஷூ உள்ளேயும் வெளியேயும் நனைந்திருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். அதனால்தான் உலர்ந்த நிலை, ஈர நிலை இரண்டிலும் சோதிக்கிறார்கள். இது நிலை மின்சாரத்துக்கான ஷூ. ஷாக்கில் இருந்து முழுப் பாதுகாப்பு தருவது இல்லை என்பதையும் தொழிலாளர்களுக்குச் சொல்லியாக வேண்டும். லைன் வேலை பார்ப்பவர்களுக்கு வேண்டியது மின்காப்பு ஷூ. அது தனி ரகம்.

புத்தகம் வந்தது, வேலை போனது

சரி, கண்டுபிடித்தவருக்கு என்ன கிடைத்தது? மாலையா, மரியாதையா?

பள்ளியில் பாதிச் சம்பளத்தோடு விடுப்பு வாங்கிக்கொண்டு, பெர்லினில் தம்பி மார்ட்டின் இருந்த இடத்துக்குப் போனார் ஓம். 1827-ல் அங்கே தன் புத்தகத்தை வெளியிட்டார். மின்சுற்றைக் கணித முறையில் ஆராய்ந்த புத்தகம். வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று பிரான்ஸின் ஃபூரியே போட்ட கணக்கை, மின்சாரத்துக்குப் பொருத்திக் காட்டியிருந்தார். பல்கலைக்கழகத்தில் நல்ல பதவி கிடைக்கும் என்று நம்பினார்.

வரவேற்பு சுத்தமாக இல்லை. அன்றைய ஜெர்மன் இயற்பியலாளர்கள் பலருக்கு இவ்வளவு கணிதம் பழக்கம் இல்லை. இயற்கையைத் தத்துவத்தால் புரிந்துகொள்ள முடியும் என்று நம்பிய கூட்டம் செல்வாக்காக இருந்த காலம் அது. போல் என்ற இயற்பியலாளர் புத்தகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். கல்வித் துறையிலும் ஆதரவு இல்லை. மனம் நொந்த ஓம் 1828-ல் கொலோன் வேலையை ராஜினாமா செய்தார்.

அப்போது வயது 39. கல்யாணம் ஆகவில்லை, கடைசி வரை ஆகவும் இல்லை. பெர்லினில் ஒரு ராணுவப் பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் கணக்குப் பாடம் எடுத்துக் காலம் தள்ளினார். இன்று உலகில் எந்த மல்டிமீட்டரை எடுத்தாலும் தன் பெயர் இருக்கப் போகிற மனிதர், பகுதி நேர வாத்தியாராக 5 ஆண்டுகள்! 1833-ல்தான் நியூரம்பெர்க் தொழில்நுட்பப் பள்ளியில் பேராசிரியர் பணி கிடைத்தது. அதுவும் அவர் ஆசைப்பட்ட பல்கலைக்கழகம் இல்லை.

வெளியூரில் இருந்து வந்த அங்கீகாரம்

1830-களில் பிரான்ஸின் பூயே தனியாகச் சோதனை செய்து, இதே மாதிரி முடிவுக்கு வந்தார். தந்தி வரத் தொடங்கிய காலம். நீண்ட தூரக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் மறுமுனைக்குப் போய்ச் சேரும் என்று கணக்குப் போட வேண்டிய கட்டாயம். அப்போதுதான் ஓமின் பழைய புத்தகத்தைத் தூசி தட்டினார்கள்.

1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி தன் உயரிய விருதான காப்ளி பதக்கத்தை ஓமுக்குக் கொடுத்தது. புத்தகம் வந்து 14 ஆண்டுகள் கழித்து. அடுத்த ஆண்டு வெளிநாட்டு உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டது. கிட்டத்தட்ட அதே நேரத்தில், இங்கிலாந்தில் ஜூல் என்ற இளைஞர், கம்பியில் மின்சாரம் ஓடும்போது எவ்வளவு வெப்பம் வரும் என்பதற்குக் கணக்குப் போட்டார். மேலே நாம் வயருக்குப் போட்ட 120 வாட் கணக்கு அவர் உபயம். ஓம் தடையைச் சொல்லியிருக்காவிட்டால் அந்தக் கணக்குக்கு அடிப்படையே இருந்திருக்காது.

ஒரு சுவாரசியமான கிளைக்கதையும் உண்டு. இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் இந்த விதியை ஓமுக்குப் பல ஆண்டுகள் முன்பே, 1781 வாக்கில் கண்டுபிடித்துவிட்டார். மீட்டரே இல்லாத காலம். தன் உடம்பில் ஷாக் வாங்கிப் பார்த்தே ஒப்பிட்டார்! ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. மேக்ஸ்வெல் அவரது காகிதங்களைப் பதிப்பித்தபோதுதான், 1879-ல், விஷயம் வெளியே வந்தது. பெரும் பணக்காரரான கேவண்டிஷுக்கு வெளியிட வேண்டிய அவசியம் இல்லை. பூட்டுத் தொழிலாளியின் மகனுக்கு இருந்தது.

ஆசைப்பட்ட பல்கலைக்கழகம் கடைசியில் கிடைத்தது. 1849-ல் மியூனிக் போனார். 1852-ல் அங்கே சோதனை இயற்பியல் பேராசிரியர் ஆனார். அப்போது வயது 63. அந்த நாற்காலியில் இரண்டே ஆண்டுகள் உட்கார்ந்தார். 1854 ஜூலை 6-ல் மியூனிக்கில் இறந்தார்.

1881-ல் பாரிஸில் சர்வதேச மின்னியல் மாநாடு கூடியது. நாட்டுக்கு நாடு வேறு வேறு அளவு வைத்திருந்தால் தந்தி, விளக்கு வியாபாரம் நடக்காது என்பதால், பொது அலகுகளுக்குப் பெயர் வைத்தார்கள். அழுத்தத்துக்கு இத்தாலியின் வோல்ட்டா, ஓட்டத்துக்குப் பிரான்ஸின் ஆம்பியர், தடைக்கு ஜெர்மனியின் ஓம். அதைப் பார்க்க ஜார்ஜ் இல்லை. அப்பாவிடம் அவரோடு சேர்ந்து கணக்குப் படித்த தம்பி மார்ட்டினும் 1872-லேயே இறந்திருந்தார்.